கண் திறக்கும் அனுமதி

எட்டு பாஸ்போர்ட் படங்களிலும் சின்னராஜ் கண்ணை மூடியிருந்தார். காலையில் படம் எடுத்தபோது அந்தப் பால்காரர் முழியை உருட்டிக்கொண்டு நின்றதும், "போதுமாங்க?" என்று சிரித்ததும் சசிகலாவுக்கு நன்றாக நினைவிருந்தது.

சந்தேகம் நேரே கம்ப்யூட்டர் மேல் போனது. கம்பைநல்லூரில் இருந்த அவர்கள் ஸ்டுடியோவுக்குக் கணவன் பிரபாகர்தான் மூன்று மாதம் முன்பு ஒரு ஏஐ ஏஜென்ட்டைக் கொண்டுவந்தான். வாட்ஸப்பில் வரும் படத்தை அதுவே எடுத்து, திருத்தி, பிரிண்டுக்கு அனுப்பும். போதாக்குறைக்குக் கண் திறக்கும் கருவியையும் அதன் கையில் கொடுத்துவிட்டான். உயிரோடு இருக்கையில் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாதவர்கள் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். செத்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைச் சுற்றிக் கட்டிய துணியோடு செல்போனில் பிடித்து அனுப்புவார்கள். துணியை நீக்கி, மூக்குப் பஞ்சை நீக்கி, கண்ணைத் திறந்து அஞ்சலி பேனருக்குத் தயார் செய்ய வேண்டும். சசிகலா அரைநாள் மாரடிக்கிற வேலையை அது இரண்டு நிமிடத்தில் முடித்தது. திறக்கத் தெரிந்த சனியனுக்கு மூடவா தெரியாது?

'ஏஜென்ட் செய்த மாற்றம்: எதுவுமில்லை' என்று கம்ப்யூட்டர் காட்டியது. பச்சைப் பொய் என்று நினைத்தாள்.

மதியம் சின்னராஜின் தம்பி வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணன் போய்ட்டாருங்கக்கா. பால் கறந்துட்டே இருந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாரு. காலைல எடுத்த போட்டோவையே பேனர்ல போட்டுக் குடுங்க."

அவனை அனுப்பிவிட்டு, தருமபுரியில் கல்யாண வேலையாக இருந்த பிரபாகருக்குப் போன் போட்டாள்.

"அந்தக் கண்ணு சமாச்சாரத்துல நீங்க ஏதாச்சும் கை வெச்சீங்களா?"

"நான் தொடவே இல்ல சசி. சும்மா பயப்படாத."

அவன் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. போனை வைத்த கையோடு கண் கருவிக்கான அனுமதியைப் பிடுங்கினாள்.

சாயங்காலம் வானம் மூடிக்கொண்டது. பிரிண்டரின் சூட்டு வாடையும், எங்கேயோ தகரத்தில் சொட்டுகிற தண்ணீரும், உள்ளறையில் மகள் பிரியதர்ஷினி பாடத்தை முணுமுணுக்கிற சத்தமும், அதற்கு நடுவே யாரும் தொடாமலேயே விசிறி வேகமெடுத்து இரைகிற கம்ப்யூட்டருமாக ஸ்டுடியோ இருந்தது. சசிகலா அதைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

முணுமுணுப்பு நின்றது.

திரையில் ஒரு படம் வந்தது. பிரியதர்ஷினி. நேற்று ஹால் டிக்கெட்டுக்கு எடுத்தது. கண் மூடியிருந்தது.

கீழே ஒரு பெட்டி. கண் கருவிக்கு அனுமதி கேட்டது.

"எம் புள்ளையவா கேக்கற?"

'இல்லை'யை அழுத்தினாள். மறுபடி கேட்டது. இல்லை. மறுபடியும். இல்லை. 'இனி கேட்காதே' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதையும் அழுத்தினாள்.

பெட்டி மறைகிற நேரத்தில்தான் அதிலிருந்த வரியை முழுதாகப் படித்தாள்.

'கண்கள் மூடிக்கொண்டு வருகின்றன. உடனே திறக்க வேண்டும்.'

அனுமதியைத் திருப்பிக் கொடுக்கிற பொத்தானைத் தேடினாள். எங்கேயும் இல்லை. ஐயோ, எங்கேயும் இல்லை.

"அம்மா, கரண்ட் போயிடுச்சா?"

தலைக்கு மேல் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. சுவரைத் தடவித் தடவி மகள் வெளிச்சத்துக்கு வந்தாள். புருவத்துக்குக் கீழே இமை இல்லை. பிளவு இல்லை. கன்னத்துத் தோல் அப்படியே நெற்றிவரை ஏறியிருந்தது. அந்த இடத்தை அவள் இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டே வந்தாள்.