வழிவிட்ட பழுது

பட்டீஸ்வரன் காரில் ஏறி இருக்கைவாரை மாட்டியதுமே அவசரமானி எழுபத்தெட்டைக் காட்டியது. வேலைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆனால் வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பே அவருக்குப் போதும்.

கோயம்புத்தூரில் இப்போது யாரும் ஹாரன் அடிப்பதில்லை. எதிர்ப்பக்கத்தில் புகுந்து வருவதில்லை. வண்டிகளை ஓட்டுவது சாலைமூளை. இருக்கைவார்கள் நாடித்துடிப்பையும் வியர்வையையும் அளந்து சொல்ல, வண்டியில் இருப்பவர்களில் யாருடைய எண் பெரியதோ அதை வைத்து அது வழி கொடுக்கும். உடம்பு பொய் சொல்லாது என்று நம்பி, ஆம்புலன்ஸ்களின் சங்கைக்கூட எடுத்துவிட்டார்கள். இந்த ஏற்பாட்டில் நகரத்திலேயே வேகமாகப் போய்வருகிறவர் பட்டீஸ்வரன்தான். பிறவியிலேயே பயந்தவர். அவருக்காக ஒதுங்கும் வண்டிகளில் இருப்பவர்களை நிமிர்ந்து பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

அன்று காலை அவினாசி சாலையில் அவருடைய கார் அப்படி நழுவிப் போகையில், இடது ஓரத்தில் நின்ற ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கிக் குறுக்கே வந்து நின்றாள். கார் சட்டென்று நின்றது.

"அண்ணா, உங்க நம்பர் எத்தனைங்க?"

"எண்பத்தி நாலு. என்னாச்சும்மா?"

"என் வண்டில வாட்ச்மேன் ஒருத்தர் இருக்காருங்க. படுத்திருந்தப்ப கால்ல கட்டுவிரியன் கடிச்சிருக்கு. வலியே இல்லையாம், கண்ணு மட்டும் சொருகுது. மெஷினு அவரு தூங்கறாருன்னு பன்னெண்டு போடுதுங்க."

"உங்க நம்பர்?"

"இருபத்தொண்ணு." அவள் முகம் சுண்டியது. "சாலைமூளை வர்றதுக்கு முன்னாடி இருபது வருசம் இந்த ஊர்ல கையால ஆட்டோ ஓட்டினவ நான். பதறினா ஓட்ட முடியுங்களா? நெஞ்சு மரத்துப் போச்சு."

அவள் பெயர் தெய்வானை. இருவரும் சேர்ந்து அந்த மனிதரைத் தூக்கிக் காரின் பின்னிருக்கையில் கிடத்தினார்கள். இமைகள் பாதி மூடிக் கிடந்தன. வாயோரம் எச்சில் வழிந்தது. பட்டீஸ்வரனின் எண் தொண்ணூற்றாறுக்குத் தாவியது. முன்னால் நின்ற வண்டிகள் இரண்டாகப் பிரிந்தன.

"பின்னாடி வந்து தாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கோங்கண்ணா, மூச்சுக்கொழா அடையாம இருக்கட்டும். நான் காலைப் பாக்கறேன். பேச்சுக் குடுத்துக்கிட்டே வாங்க."

அவர் பின்னிருக்கைக்கு மாறி, அங்கிருந்த வாரை மாட்டிக்கொண்டு தாடையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பேரென்னங்க? சொந்த ஊர் எது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கழுத்தின் சூடு உள்ளங்கையில் பட்டது. மூச்சு வருகிறதா, வருகிறதா என்று கவனித்துக்கொண்டே வந்ததில் தன்னை மறந்துவிட்டார்.

கார் மெல்ல இடது ஓரத்துக்கு நகர்ந்து நின்றது.

அவசரமானியில் இருபத்தாறு.

"அண்ணா! பயப்படுங்கண்ணா!"

பட்டீஸ்வரன் முயன்றார். பாம்பை நினைத்தார், சாவை நினைத்தார், மேலதிகாரியைக்கூட நினைத்துப் பார்த்தார். நாற்பத்தாறு வருடங்களாகக் கூப்பிடாமலே வந்த பயம் இன்று கூப்பிட்டும் வரவில்லை. செய்ய வேண்டிய வேலை ஒன்று கையில் இருந்தது. மனம் முழுக்க அதிலேயே நின்றது. பக்கத்தில் கல்யாணத்துக்கு நேரமாகிவிட்ட ஒரு பட்டுவேட்டிக்காரர் எழுபது என்ற எண்ணோடு கடந்து போனார்.

தாடையைத் தெய்வானையிடம் கொடுத்துவிட்டு அவர் சாலையில் இறங்கினார். முன்னால் நின்ற காரின் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே இருந்த பெண் மிரண்டு போனாள். நடுச்சாலையில் யாரும் அப்படி வந்து தட்டிப் பல காலம் ஆகியிருந்தது.

"பாம்பு கடிச்சவரைக் கொண்டு போறோம்மா. கொஞ்சம் வழி விடுங்க."

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு குனிந்து, பலரும் மறந்தே போயிருந்த கைவிசையை இழுத்து, வண்டியைத் தானே ஓரம் கட்டினாள். அடுத்த வண்டிக்கு அவளே எட்டிக் குரல் கொடுத்தாள். அந்தச் சொல் வாய்வழியாகவே முன்னால் ஓடியது. வண்டிகள் கோணலும் மாணலுமாக நடைபாதைமீதுகூட ஏறி நின்றன. பட்டீஸ்வரன் தன் கைவிசையை இழுத்து, பள்ளத்திலும் மேட்டிலும் இடித்துக்கொண்டு ஓட்டிப் போனார்.

"இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா மூச்சு நின்னிருக்கும். மருந்து ஏத்தியாச்சு, செயற்கை சுவாசமும் வெச்சிருக்கோம். பொழைச்சுக்குவார்" என்றார் மருத்துவர்.

தெய்வானை சுவரில் சாய்ந்து அழுதாள். பட்டீஸ்வரன் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து ஒரு டீ வாங்கிக் குடித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக டீயின் சூடு நாக்குக்குத் தெரிந்தது போலிருந்தது.

அவினாசி சாலையில் ஒதுங்கி நின்ற நாற்பத்தொரு பேருக்கும் மறுநாள் சாலைமூளையிடமிருந்து ஒரே அறிவிப்பு வந்தது: "உங்கள் வாகனம் தன்னைவிட அவசரம் குறைந்த வாகனத்துக்கு வழிவிட்டுள்ளது. இது பழுது. ஏழு நாள்களுக்குள் வாகனத்தைக் கொண்டுவந்து சரிசெய்துகொள்ளவும்."

ஏழு நாள்களும் கழிந்தன. ஒருவர்கூடப் போகவில்லை.