சுரண்டிய முகம்

கடல் கடந்து வந்த சிப்பாய்கள் நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் தங்கியிருந்த கட்டடம் அது. அங்கே அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சிப்பாய்கள் எடுத்துக்கொண்ட படங்கள் இருபது கண்ணாடி நெகடிவ் தகடுகளில் இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி, கீறல்களை நீக்கிப் புத்தகத்துக்குத் தரவேண்டும். குளியல், சீட்டாட்டம், நாயோடு விளையாட்டு. எல்லாம் சிரித்த முகங்கள்.

கடைசித் தகடுகளில் மட்டும் சிப்பாய்களோடு உள்ளூர்க்காரன் ஒருவன் இருந்தான். அவன் முகத்தை யாரோ கத்தியால் சுரண்டியிருந்தார்கள்.

“காலியா விடாதம்மா, ஏதாவது ஒரு முகத்தை ஒட்டிடு. இப்ப வந்து யாரு கேக்கப்போறா?” என்றார் பதிப்பாளர், போனில்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி வந்தான்.

“மூக்குக் கண்ணாடியை வீட்ல வெச்சுட்டு இங்க என்னத்தைக்கா கிழிக்கிறே?”

“ஜன்னல் பக்கம் நில்லு. அசையாதே.”

“பொண்ணு வீட்டுக்கு அனுப்பவா? இரு, தலை வாரிக்கிறேன்.”

படமெடுத்து, கணினியில் பதினேழாவது தகட்டின் படத்தில் ஒட்டினாள். அச்சாகப் பொருந்தியது. தம்பி வராந்தாவில் போய்க் கால் நீட்டிப் படுத்தான்.

பதினெட்டாவது தகட்டை விளக்குப்பெட்டி மேல் வைத்தாள். அதே மனிதனைத் தூணில் கட்டியிருந்தார்கள். நேற்று இதில் முகம் இல்லை.

இன்று இருந்தது.

கறுப்பும் வெளுப்பும் இடம் மாறியிருந்தாலும் அவளுக்குத் தெரிந்தது. வாரிய தலை. தம்பி.

கணினியில் ஒட்டியதை அழித்தாள். தகட்டில் அழியவில்லை.

பத்தொன்பதாவதில் துப்பாக்கிகள் உயர்ந்திருந்தன. தூணில் அங்கேயும் தம்பி. இருபதாவதை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

அறையில் வெடிமருந்து வாடை அடித்தது.

முன்பு ஒருவர் ஏன் சுரண்டினார் என்று அப்போதுதான் புரிந்தது. முகம் இல்லாதவனை இந்தச் சிப்பாய்களால் எதுவும் செய்யமுடியாது. மேஜைமேல் கிடந்த கத்தியை எடுத்து, பத்தொன்பதாவதில் தம்பியின் இடது கண்ணைச் சுரண்டினாள்.

வராந்தாவில் தம்பி முனகினான்.

“அக்கா, கண்ணுல என்னமோ விழுந்துடுச்சு. எரியுதுக்கா.”

கை நின்றது.

அதுவரை தம்பியைப் பார்த்திருந்த சிப்பாய்கள் இப்போது அவளைப் பார்த்தார்கள். சிரிப்பு மாறவில்லை. பத்தொன்பதாவதில், துப்பாக்கி விசைமேல் இருந்த விரல்கள் மெல்ல மடங்கத் தொடங்கியிருந்தன.

“அக்கா, ரத்தம் வருது. இங்க வாயேன்.”

“வந்துடறேன்டா,” என்றாள். “அசையாம இரு.”

கத்தி முனையை வலது கண்மேல் வைத்தாள்.

பக்கத்து அறை வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அதற்குள் பலர் சேர்ந்து கைதட்டினார்கள்.