வெட்ட வெட்ட வளரும் புண்

கட்டைப் பிரித்ததும் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்த நர்ஸ், பொத்தவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு அழுகிக் கிடந்த காலிலிருந்து நாற்றமே வரவில்லை. மருந்து வாடையும், ஜன்னல் வழியே வந்த மழை ஈரத்தின் வாசனையும்தான் அறையில் இருந்தன.

"அழுகினா நாறணுமே" என்று முணுமுணுத்தாள்.

கட்டிலில் கிடந்தவளுக்கு அதைக் கேட்கவே பயமாக இருந்தது. கணுக்காலில் கடுகளவு கொப்புளமாக ஆரம்பித்தது, இப்போது ஊதா விளிம்போடு முழங்காலை நெருங்கியிருந்தது. சதை தின்னும் கிருமி, விட்டால் உயிருக்கே உலை வைத்துவிடும் என்று சொல்லி, சர்ஜனான அவள் அண்ணன் இரண்டு முறை வெட்டி எடுத்திருந்தான். அண்ணன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சே கிடையாது.

மதியம் தோல் டாக்டர் வந்தார். தொடாமல் குனிந்து பார்த்தார்.

"எந்த டெஸ்ட்லயும் கிருமி இல்லம்மா. உங்க உடம்பே உங்களைத் தாக்குது. கத்தி பட்ட இடமெல்லாம் புண்ணாகும். நேத்தே உங்க அண்ணன்கிட்ட சொன்னேனே, ஸ்டீராய்டு ஆரம்பிக்கலையா?"

நேற்றே. நேற்று மாலை தலைமாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து ஊட்டிய அண்ணன், இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அவர் போனதும் அவன் வந்தான்.

"அண்ணா, வெட்டக் கூடாதாமே?"

"தோலைப் பார்க்கிறவருக்குச் சதையைப் பத்தி என்ன தெரியும், வாலு? அப்போ ரெண்டு தடவை நான் வெட்டினது தப்பா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான். "ஆபரேஷனுக்குக் கையெழுத்தெல்லாம் நானே போட்டுட்டேன். இது வலிக்கு" என்று டிரிப் குழாயில் ஊசியை ஏற்றினான்.

நாக்கு தடித்தது. விளக்குகள் தலைக்கு மேல் ஓடின. சக்கரங்களின் கிறீச். பச்சைத் துணி. குளிர். வேண்டாம் என்று கத்தினாள். உதடு அசையவில்லை. கூடப் பிறந்தவனே நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான்.

தொடையில் ஈரமாக ஏதோ ஊர்ந்தது. பேனா. முழங்காலுக்கு மேல் ஒரு கோடு.

"இங்க வெட்டின பிறகும் பரவினா, சார்?" யாரோ கேட்டார்கள்.

"பரவினா மேல போவோம்." அண்ணனின் குரல்.

பேனா நகர்ந்தது. இடுப்பில் ஒரு கோடு. தொப்புளுக்குக் கீழ் இன்னொன்று. விலாவில் ஒன்று.

அது நிற்கவில்லை. மெதுவாக, பாசமாக, மேலே ஏறிக்கொண்டிருந்தது.