நெற்றியில் இருபத்தாறு

ரெம்பாவ் பக்கத்து அந்த எண்ணெய்ப்பனை எஸ்டேட்டில், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வரிசையாக வருகிறவர்களின் நெற்றியில் காய்ச்சல் கருவியைக் காட்டி எண்ணைப் பார்ப்பது இந்துமதியின் வேலை. அன்று தங்கராஜுவின் நெற்றியில் அது இருபத்தொன்பது காட்டியது.

மறுபடியும் ஐஸ் துணிதான் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. சூடு தெரிந்தால் வேலையில்லாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று, பாதிப் பேர் வீட்டிலேயே நெற்றியில் ஐஸை ஒற்றிக்கொண்டு வருகிறார்கள். முகக்கவரியைத் தாடையில் மாட்டிக்கொண்டு, "செம்பனைக் காட்டுல என்னா கிருமி லா?" என்று சிரித்த கூட்டம் இது. மூன்று நாளுக்கு முன் தங்கராஜு இருமிக்கொண்டே கெஞ்சியபோது, அவளும் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிட்டாள். அவன் ஏறிய லாரியில்தான் அவள் கணவன் வசந்தனும் ஏறினான். கைக்குழந்தை இருக்கிற வீடு. அன்றிலிருந்து வசந்தனை வெளியறையில் படுக்கவைத்து, சாப்பாட்டைக் கதவோரம் வைக்கிறாள். தட்டு தொடாமலே கிடக்கிறது, கோபம்போல. அவனுக்கு ஏதாவது ஆனால் தன்னால்தான் என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

"உக்காருங்கண்ணே. ஐஸு குளிரு போவட்டும், மறுபடி பாக்குறேன்."

தங்கராஜு பெஞ்சில் உட்கார்ந்தான். மழை விட்ட மரங்களிலிருந்து சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விழுவது கேட்டது, ஈர மண்ணும் அழுகிய பனங்குலையும் நாறின, ஆனால் வரிசையில் யாரும் இருமவில்லை, செருமவில்லை, அதிசயமாக எல்லோருமே முகக்கவரியை மூக்குவரை ஏற்றிப் போட்டிருந்தார்கள்.

பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாள். இருபத்தாறு. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று பெஞ்சுப் பலகையில் காட்டினாள். இருபத்தாறு. தன் நெற்றியில் காட்டினாள். முப்பத்தாறு.

அவன் முகக்கவரியைக் கவனித்தாள். மூச்சுக்கு அது உள்ளே போகவில்லை. வெளியே வரவில்லை.

"வேலைக்குப் போலாமா, மதி?" என்றான் தங்கராஜு. பேசும்போதும் துணி அசையவில்லை.

அடுத்து நின்றவன் வசந்தன்.

"ஏங்க, அவரு கிட்ட வராதீங்க!"

வந்தான். தானே குனிந்து நெற்றியைக் கொடுத்தான். அவள் கருவியைக் காட்டினாள்.

இருபத்தாறு.

அவளுக்கு மூச்சு முட்டியது. முகக்கவரியைக் கீழே இழுத்து வாயால் காற்றை வாங்கினாள். வரிசை முழுவதும் திரும்பியது. ஒருவர் துணியும் அசையவில்லை.

வசந்தன் அவள் முகக்கவரியை மூக்குக்குமேல் ஏற்றி, சில்லிட்ட உள்ளங்கையால் அழுத்தினான்.

"ஒழுங்கா போடு லா. நீ மூச்சு விடுறது எல்லாருக்கும் தெரியுது."

கையை எடுக்கவில்லை.