யாரிடமிருந்து, யாருக்கு

கோப்பை சூடாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை, மூன்றாவது மாடி முழுக்க அவள் ஒருத்திதான். பதினொரு வருடமாக அவளைத் தவிர யாரும் தொடாத, விளிம்பு உடைந்த அந்த நீலக் கோப்பை, வெள்ளிக்கிழமை அவள் கழுவிக் கவிழ்த்த இடத்திலேயே கவிழ்ந்திருந்தது. ஆனால் யாரோ இப்போதுதான் காபி குடித்து முடித்ததுபோல விரலில் சுட்டது. வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். வெளியே காலையிலிருந்து மழை.

கம்பெனியின் வலைத்தளம் மதியமே படுத்துவிட்டிருந்தது. ஜாவாவில் அவளே எழுதிய புரோகிராம், எங்கோ வாடகை சர்வரில் ஓடிக்கொண்டு, டேட்டாபேஸின் கதவைத் தட்டித் தட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. அது உள்ளே போவது அவளுடைய கணக்கின் பெயரில்தான். தனிக் கணக்கு போடுங்கள் என்று எத்தனை பேர் சொல்லியும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பாஸ்வேர்டு சரி, முகவரி சரி, வழியில் தடுப்பு எதுவும் இல்லை. ஆனாலும் திரையில் வரிக்கு வரி ஒரே பதில்: அனுமதி மறுக்கப்பட்டது.

மேனேஜர் போனில் வந்தார்.

"என்னம்மா, சைட் இன்னும் எழுந்திருக்கலையா?"

"பார்த்துட்டு இருக்கேன் சார்."

"நம்ம புதுப் பொண்ணு சுட்டியக் கூப்பிடட்டுமா? அவ அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருவா. டீமுக்கு யாரு தலைன்னு வேற நாளைக்குச் சொல்லியாகணும்."

"வேணாம் சார். நானே முடிச்சுடறேன்."

சுட்டி சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் செல்லப்பெயர் வேறு. ஆளாளுக்கு அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். போன மாதம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள் இரண்டே மணி நேரத்தில் பாப்பாவை மடக்கிப் போட்டுவிட்டாள். "அந்த ஆன்ட்டி மறுபடி எப்பம்மா வருவாங்க?" என்று பெற்ற பிள்ளையே கேட்டபோது சிரித்து வைத்தாளே தவிர, அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் வெள்ளிக்கிழமை அந்தக் காரியத்தைச் செய்தாள். சுட்டியின் கணக்கையே அழித்துவிடலாம், தவறுதலாகப் போய்விட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஒரு கணக்கை அழிக்கும்முன் அதற்குச் சொந்தமானதையெல்லாம் வேறொருவருக்கு மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் டேட்டாபேஸ் விடாது. அதற்கு ஒரே வரிதான்: இவரிடம் உள்ளதெல்லாம் இனி அவருக்கு. இரண்டு பெயர்களையும் ஆத்திரத்தில் அடித்து என்டரைத் தட்டியதுமே கணவர் கீழே வண்டியுடன் வந்து ஹாரன் அடித்துவிட்டார். கணக்கை நீக்காமலே பாதியில் எழுந்து போய்விட்டாள்.

அந்த வரியைத் தேடி எடுத்தாள். வெள்ளிக்கிழமை தொடங்கியது, இன்று மதியம்தான் ஓடி முடிந்திருந்தது. முதலில் அவள் பெயர். அடுத்தது சுட்டியின் பெயர்.

மாற்றி அடித்திருக்கிறாள். தன்னிடம் இருந்ததையெல்லாம் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

எங்கிருந்தோ எலுமிச்சை வாசனை வந்தது. சுட்டி கையில் பூசிக்கொள்ளும் கிரீமின் வாசனை. திரும்பிப் பார்த்தாள். காலி நாற்காலிகள்.

நிர்வாகியின் கணக்கு அவளிடம் இருந்தது. பெயர்களைத் திருப்பி அடித்தால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் விரல்கள் கேட்கவில்லை. சுட்டியின் கணக்கை நீக்கு என்றுதான் அடித்தன.

*நீக்க முடியாது. கீழ்க்கண்டவை இவருக்குச் சொந்தம்.*

*வாடிக்கையாளர் அட்டவணை.*

*ஆர்டர் அட்டவணை.*

*ஜன்னலோர நாற்காலி.*

*நீலக் கோப்பை.*

தன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. கோடியிலிருந்த விளக்கு வரிசை அணைந்தது. ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் தானாக அணையும் விளக்குகள். கையைத் தூக்கி ஆட்டினாள். அடுத்த வரிசையும் அணைந்தது.

*வீட்டுச் சாவி.*

*கட்டிலின் இடது பக்கம்.*

*பாப்பா.*

வீட்டுக்குப் போன் போட்டாள். நான்காவது மணியில் பாப்பா எடுத்தாள்.

"ஹலோ, யாரு?"

"அம்மாடா. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கோ. யார் வந்தாலும்..."

"எங்கம்மா இங்கதான் இருக்காங்க."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அவளுடைய குரல். பாப்பாவிடம் மட்டும் அவள் பேசும் அந்தக் குரல்.

"யாரு கண்ணு போன்ல?"

"தெரியலம்மா."

"தெரியலன்னா வச்சிடு. வா, தலை பின்னிவிடறேன்."

போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டாள். போகவில்லை. அவள் எண்ணுக்கு அனுமதி இல்லையாம்.

திருப்ப வேண்டும். இரண்டே பெயர். கீபோர்டில் பாய்ந்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினாள். திரையில் எதுவும் விழவில்லை.

கதவுக்கு ஓடினாள். அட்டையைக் காட்டினாள். சிவப்பு. மறுபடி. சிவப்பு.

"எனக்கு வேலை வேணாம்," என்றாள் இருட்டைப் பார்த்து. "நாற்காலியையும் நீயே வச்சுக்கோ. பாப்பாவை மட்டும் குடுத்துடு."

கடைசி வரிசையும் அணைந்தது. திரை மட்டும் வெளிச்சம். அதில் எழுத்துகள் தாமாக விழுந்துகொண்டிருந்தன. நிதானமாக, தப்பே இல்லாமல்.

நீக்கு. அதன் பின்னால் அவள் பெயர்.

கீழே பட்டியல் வரும் என்று காத்திருந்தாள். அவளுக்கென்று ஏதாவது ஒன்று. உடைந்த பேனாவாவது.

*இந்தக் கணக்குக்குச் சொந்தமாக எதுவும் இல்லை. நீக்கத் தடை இல்லை.*

எலுமிச்சை வாசனை காதருகே வந்தது. மேஜையில், யார் விரலும் படாமல், என்டர் கீ மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.