ஆல்மோ தீவின் வெள்ளிக் காப்பு

“கையெழுத்துப் போட மாட்டேன். என்ன ஆனாலும் போட மாட்டேன்,” என்றாள் டீரா, கதவைத் திறந்த கூன்வோரிடம். அவளுடைய மழையங்கியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கூன்வோர் ஸ்வீடன் போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. இப்போது மேலாரன் ஏரியின் நடுவே, ஆல்மோ தீவில் ஆடு வளர்க்கிறார். அவர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்த படகோட்டி ஃபோல்க, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார். துப்பு விஷயம் என்றால் அவருக்குச் சோறு வேண்டாம்.

ஆல்மோவில் வைக்கிங்குகளின் வணிக நகரம் ஒன்று புதைந்து கிடக்கிறது. அவர்கள் கப்பலைக் கட்டி நிறுத்திய துறைக்கற்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. டீரா அங்கே வழிகாட்டி. காலையில் ஒரு படகு நிறைய ஆட்களை அழைத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

“துறைக்கல்லுங்ககிட்ட போறப்போ மழை பிடிச்சுக்கிச்சு. ஒருத்தி கைக்குழந்தையோட நனைஞ்சுட்டு நின்னா. எல்லாரையும் அங்கயே நிக்க வெச்சுட்டு, காட்சியகத்துக்கு ஓடி குடை எடுத்துட்டு வந்தேன். திரும்பி வந்தா, உங்க ஆடுங்க கல்லுங்களுக்கு நடுவுல மேஞ்சிட்டிருக்கு. இவங்க மழையையும் பாக்காம அதுங்களைப் படம் பிடிச்சிட்டிருக்காங்க. சுத்திக் காட்டிட்டுக் காட்சியகத்துக்குப் போய்ப் பாத்தா, கண்ணாடிப் பெட்டியில இருந்த வைக்கிங் வெள்ளிக் காப்பு இல்ல.”

“பூட்டு?”

“உடையல. சாவி ரெண்டுதான். ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு வில்கோட்கிட்ட.”

வில்கோட், பட்டணத்திலிருந்து சில நாள் முன்பு வந்த புது மேலாளர். பார்வையாளர்கள் எதிரிலேயே டீராவைத் திருடி என்றிருக்கிறார். தானும் அந்தக் கூட்டத்தின் கடைசியில்தான் நின்றதாகவும், நடுவில் ஓடியவள் அவள் ஒருத்தியே என்றும் சாதித்திருக்கிறார். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தால் மன்னித்து விடுவாராம். இல்லையென்றால் அடுத்த படகில் போய்ப் புகார் கொடுப்பாராம்.

“கூட்டத்துல அவரைப் பாத்தியா?”

“எல்லாரும் தலையை மூடிட்டு நின்னாங்க. யாரைன்னு சொல்றது?”

“எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இரேன் டீரா. வேற வேலையா கிடைக்காது?” என்றார் ஃபோல்க.

“குடுத்தா நான் எடுத்ததா ஆயிடும். ஜெயிலுக்கு வேணாப் போறேன். அந்தக் காகிதத்துல என் பேர் விழாது.”

கூன்வோர் அவளைக் கூர்ந்து பார்த்தார். “நீ நேரா படகுத்துறைக்குப் போய் நில்லு. நாங்க வர்றோம்.”

காட்சியகத்தில் வில்கோட் பயணப் பையோடு தயாராக இருந்தார். ஃபோல்க உதவியாக அதைத் தூக்கினார். உள்ளே ஏதோ ‘ணங்’கென்றது.

“விடுங்க. நானே எடுத்துக்கறேன்,” என்று வில்கோட் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

“பிளாஸ்க் போல இருக்கே. ஒரு வாய் காப்பி கிடைக்குமா?” என்றார் ஃபோல்க.

“காலி.”

கூன்வோர் சாவதானமாகக் கேட்டார்: “அவ உங்களையெல்லாம் எங்க நிக்க வெச்சுட்டு ஓடினா?”

“அந்தப் பழைய துறைக்கல்லுகிட்ட. அதான் அவளே ஒத்துக்கிட்டாளே.”

“நல்லா நனைஞ்சிருப்பீங்க.”

“மழையை விடுங்க. அலை வேற வந்து வந்து காலை நனைச்சுது. இன்னும் ஷூ காயல.”

கூன்வோர் தலையசைத்ததோடு சரி. ஃபோல்க மட்டும் வாயைத் திறந்து, அவர் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டார்.

படகுத்துறையில் பார்வையாளர்கள் காத்திருந்தார்கள். கூன்வோர் அவர்கள் நடுவே நின்று, “காலையில துறைக்கல்லுகிட்ட நின்னப்போ யார் காலையாவது அலை நனைச்சுதா?” என்றார்.

கைக்குழந்தைக்காரி சிரித்துவிட்டாள். “அங்க ஏது அலை? அது புல்வெளியாச்சே.”

“ஆமா. இந்த ஊர் மண்ணு ஆயிரம் வருஷமா ஏரியை விட்டு எழும்பிக்கிட்டே இருக்கு. அன்னைக்குக் கப்பலைக் கட்டின கல்லு இன்னைக்கு மேட்டுல, என் ஆடுங்களுக்கு நடுவுல கிடக்கு. வில்கோட், துறைங்கிற வார்த்தையை டீரா வாயால கேட்டீங்க. துறைன்னா தண்ணி இருக்கும்னு நினைச்சுட்டீங்க. அந்தப் பக்கம் நீங்க ஒரு நாளும் போனதில்ல.”

“வாய் தவறிச் சொல்லிட்டேன். அதனால நான் திருடனா?”

“அதனால நீங்க அங்க இல்லைன்னு ஆகுது. இருக்கிறது ரெண்டு சாவி. ஒருத்தி நடந்ததை அப்படியே சொன்னா, இன்னொருத்தர் இருந்த இடத்தையே மாத்திச் சொன்னார். காலையிலேர்ந்து படகு எதுவும் போகல, அப்போ காப்பு இங்கதான் இருக்கு. காலி பிளாஸ்க் எப்படி ‘ணங்’குங்குது?”

“என் பையைத் திறக்க உங்களுக்கு அதிகாரம் இல்ல.”

“இல்லதான். ஆடு மேய்க்கிறவ நான். போலீஸ் வரட்டும், காத்திருப்போம்.”

ஃபோல்க படகின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். “அது வரைக்கும் என் படகு நகராது.”

எல்லாக் கண்களும் பையின் மேல் இருந்தன. வில்கோட் பையைத் திறந்தார். பிறகு பிளாஸ்கை எடுத்து மூடியைத் திருகினார். முறுக்கிய வெள்ளிக் காப்பு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

“டீரா,” என்றார் தணிந்த குரலில், “காட்சியகத்தோட பேரு கெட்டுடும். நமக்குள்ளேயே முடிச்சுக்கலாம்.”

“திருடின்னு இவங்க முன்னாடிதானே சொன்னீங்க? இவங்க முன்னாடியே சொல்லுங்க.”

வில்கோட் முணுமுணுத்தார்.

“கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல.”

“டீரா திருடல,” என்றார் அவர் உரக்க. “நான்தான்.”

கூன்வோர் போலீஸுக்குத் தொலைபேசினார். டீரா காப்பைக் கைக்குட்டையில் வாங்கிப் பார்வையாளர்கள் பக்கம் திரும்பினாள். “இதைப் பத்தி நான் இன்னும் சொல்லவே இல்லையே. வாங்க, காட்சியகத்துக்குப் போவோம்.”

“படகு லேட்டாயிடுமேம்மா,” என்றார் ஃபோல்க.

“ஆகட்டும்,” என்று டீரா முன்னால் நடந்தாள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் அவள் பின்னால் போனார்கள்.