நாளைக்கு வருவாள்

2010ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் திகதி. புத்தாண்டும் திருவாதிரையும் முழுநிலவும் ஒன்றாகக் கூடிவரும் அரிய நாள் இது என்றும், மக்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குச் சென்று களிக்கலாம் என்றும் வானொலி முந்திய நாள் முழுவதும் அறிவித்துக்கொண்டிருந்தது. வாகரையில் இருந்த பத்தினிப்பிள்ளைக்கு அதில் ஒரேயொரு முறைப்பாடுதான் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரும் இவ்வாறே கூடிவந்தன: நத்தார் விடுமுறை, போயா முழுநிலவு, ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் திருவாதிரை. அன்று களிக்கச் சொன்னவர்களுள் ஒருவராவது பின்னர் வந்து, உன் பிள்ளை எங்கே என்று அவளிடம் கேட்டதில்லை.

இந்தப் புத்தாண்டு விடியுமுன்னர் சங்கு கேட்டது. கேட்டிருக்கக்கூடாது.

முந்திய மாலையில்தான் பக்கத்து வீட்டு இராசாத்தி சோற்றுப் பொதியோடு வேலிப் படலையில் வந்து நின்று அதைச் சொல்லிப் போனாள்.

“நாளைக்கு விடியச் சாமத்தில எழும்ப வேணாம் கா. ராவைக்குக் கிரகணமாம். பாட்டுக்காரப் புள்ளைகள் வரமாட்டாங்க. வெயில் வந்து, கோயிலக் கழுவித்தான் பூசை எண்டு வண்ணக்கர் வல்லிபுரம் சொல்லிப்போட்டார். வாவன், நிலவில இருந்து சாப்பிட்டுட்டு வருவம்.”

“நான் வரல்ல.”

“சண்டையும் முடிஞ்சிட்டு. நீ இன்னும் உலக்கையக் குறுக்கப் போட்டுத்தான் கதவப் பூட்டுறாய். கள்ளன் வந்தாலும் உன்ட வீட்டில எடுக்க என்ன கா இரிக்கு? அந்த உலக்கையத்தான் எடுப்பான்.”

பத்தினிப்பிள்ளை சிரிக்கவில்லை. “உன்ட மகள் தனுஷியாவக் கொண்டுபோன கடலுக்கு முன்னால இருந்து சோறு தின்ன உனக்கு மனம் வருதா?”

இராசாத்தியின் முகம் மாறியது. “வருது கா. அவளுக்கும் ஒரு பிடி வைக்கத்தான் போறன்.” அவள் திரும்பிப் பாராமல் நடந்தாள்.

உள்ளே விதுசா பாயில் முகங்குப்புறக் கிடந்தாள். “எல்லாரும் போறாங்க. நான் மட்டும் நிலவ ஓட்டு இடுக்கால பாக்கணுமா?”

“பாத்தது போதும். படு.”

“அக்காவ மட்டும் விட்டீங்கதானே.”

தாய் உலக்கையைக் கதவுக்குக் குறுக்கே போட்டாள். விதுசாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. மூத்தவள் சுதர்சனா கடலோடு போனபோது அவளுக்கு இருந்த அதே வயது.

மார்கழியில், திருவாதிரை வரையிலான விடியல்களில், ஊர்ப் பெண்பிள்ளைகள் சங்கும் சேமக்கல மணியுமாய்த் தெருவெங்கும் பாடிச் செல்வார்கள். உறங்கும் பிள்ளையைப் படலையில் நின்று பெயர் சொல்லி அழைப்பார்கள். “வாறன்” என்ற மறுமொழி வரும்வரை அகலமாட்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன், கடல் ஊருக்குள் பொங்கி வந்த அன்றைய விடியலிலும் வந்தார்கள். பாட்டை முன்னின்று நடத்தியவள் சுதர்சனா. சங்கு தனுஷியாவின் கையில் இருந்தது. சின்னவள் விதுசா காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தாள்.

“தங்கச்சிய எழுப்புங்கம்மா.”

“இண்டைக்கு விடு மனே. நாளைக்கு வருவாள்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பாடி முடித்த பிள்ளைகள், விடுமுறைதானே என்று கடற்கரைக்கு விளையாடப் போனார்கள். மறுநாள் திருவாதிரை விடிந்தபோது பாடுவதற்கு எவரும் இருக்கவில்லை. பின்னர்ப் போர் மீண்டும் வந்தது. இடம்பெயர்ந்த வழியில் ஷெல் விழுந்து கணவன் கனகசூரியம் மாண்டான். போருக்கென வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு வந்தவர்களும் விடியற்புறத்தில்தான் வந்தார்கள். அவர்களும் பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள். அக்காலத்தில் அவள் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டாள். விளக்கை அணைத்து, கதவின் பின்மூலையில் குந்தி, விதுசாவை மடியில் கிடத்தி, அவள் வாயின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொள்வாள். அழைப்பவர்கள் அலுத்துப் போய்விடுவார்கள். எஞ்சிய ஒரு பிள்ளையை அவள் அவ்வாறுதான் காத்தாள்.

இப்போது சங்கு கேட்டது. கடற்கரையில் நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருந்த பாட்டுப் பெட்டிகள் எப்போதோ ஓய்ந்துபோயிருக்க, நாய்கள்கூட மூச்சுக் காட்டாத அந்த வெளிறிய அமைதியில், அலையோசைக்கு மிக அருகிலிருந்து எழுந்த அந்த ஒலி, உள்ளே நீர் நிறைந்திருக்கும் சங்கை ஊதினாற்போலக் குளறிக் கொப்புளித்து, ஊதுகிறவளுக்கு மூச்செடுக்கவும் இயலாமல் நிறுத்தவும் தெரியாமல் நீண்டுகொண்டே போயிற்று. அதைத் தொடர்ந்து சேமக்கலம் ஒலித்தது. அடித்த பின் அதிர்வு எழவில்லை. நீருக்கடியில் தட்டினாற்போல உடனே அடங்கிற்று.

குடித்துவிட்டுத் திரிபவர்களின் சேட்டை என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தபடியே எழுந்து உட்கார்ந்தாள்.

பாட்டும் எழுந்து, கடலோரத்தில் அவர்களின் பழைய வீடிருந்த வளவில் வந்து நின்றது. அங்கே இப்போது வீடில்லை. கிணற்றுக்கட்டு மட்டுமே எஞ்சியிருந்தது. கடலிலிருந்து எட்ட, உட்புறமாகப் பின்னர் கட்டித்தந்த இந்த வீட்டை அந்தப் பிள்ளைகள் எவரும் கண்டதில்லை. அந்த எண்ணம் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. பாட்டு வெறும் வளவில் மறுமொழிக்காகக் காத்து நின்றது.

பின் நகர்ந்தது. இந்தப் பக்கமாக.

கடற்பாசியும் சேறும், கடல் வந்த நாள்களில் பள்ளி மண்டபத்தில் பிணங்களைச் சுற்றி வரிசையாய்க் கிடத்திய ஈரப் பாய்களும் கலந்த மணம் கதவின் கீழால் புகுந்தது. ஓட்டு இடுக்கால் விழுந்த நிலவு, ஆழ்நீரின் அடியில் விழுந்ததுபோல் நிலத்தில் அலைந்தது. அவள் விதுசாவை மூலைக்கு இழுத்தாள். மடியில் கிடத்தினாள். வாயைப் பொத்தினாள். பிள்ளை விழிக்கவில்லை.

படலையின் கொளுக்கி கழன்றது.

“விதுசா.”

அந்தக் குரலுக்கு வயது ஏறியிருக்கவில்லை.

“விதுசா, எழும்பு. இண்டைக்குத்தான் கடைசி.”

“கும்பகர்ணியடி இவள்!” தனுஷியாவின் குரல். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பிலும் நீர் கொப்புளித்தது.

பிறகு, கதவுக்கு மிக அருகில்:

“அம்மா.”

பத்தினிப்பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“நீங்க முழிச்சுத்தான் இரிக்கீங்க. எனக்குத் தெரியும். நாளைக்கு எண்டு சொன்னீங்கதானே? சத்தியம் எண்டீங்க. குளிருதம்மா.”

கதவைத் திறந்து, அந்தத் தலையை முந்தானையால் ஒருமுறை துவட்டிவிட வேண்டும். ஐந்து ஆண்டுகளாக அவள் கடவுளிடம் வேறெதையும் கேட்கவில்லை. ஒரு கை சின்னவளின் வாயில். மற்றக் கை உலக்கையை எட்டியது. பற்றியது.

கையை மீட்டுக்கொண்டாள். மூத்தவளுக்குக் கதவு திறக்கவில்லை.

வெளியே அழுகை. சின்ன அழுகை.

அப்போது உள்ளங்கையின் கீழ் உதடுகள் அசைந்தன.

அழுத்தினாள்.

மீண்டும் அசைந்தன. இன்னும் அழுத்தினாள். உதடுகள் சொல்லை முடித்துவிட்டன. “வாறன்.”

விரலிடுக்குகளால் நீர் வந்தது. குளிர்ந்த நீர். உப்பு நீர். ஒரு வாய் கொள்ளும் அளவன்று; மடியை நனைத்து, நிலத்தில் வழிந்து, கதவின் கீழால் வெளியேறியது. வெளியே சங்கு ஒலித்தது; இம்முறை தெளிவாக. இறுதிப் பாட்டுத் தொடங்கிற்று. பிள்ளைகளின் குரல்களோடு புதிதாக ஒரு குரல், சற்றே கரகரத்த பதின்மூன்று வயதுக் குரல், சேர்ந்துகொண்டது.

பாட்டு கடலை நோக்கிப் போனது.

வெயில் ஏறிய பின் இராசாத்தி கதவைத் தட்டினாள்.

“கதவத் திற கா. விதுசா எங்க போனாள்? விடியக்குள்ள என்ட வேலியால பாடிக்கொண்டு தனியக் கடலுக்குப் போனாள். கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்கல்ல. கா! உன்ட வாசலெல்லாம் என்ன இவ்வளவு தண்ணி?”

மூலையில் இன்னும் இருள் இருந்தது. பத்தினிப்பிள்ளையின் மடியில் கனம் இருந்தது. உள்ளங்கையின் கீழ் ஒரு வாய் இருந்தது. சில்லிட்டு, ஈரமாய், மணல் நெருடிக்கொண்டு. ஈரக் கூந்தல் அவள் முழங்காலில் படிந்திருந்தது. கையை எடுத்தால் அது எந்தப் பிள்ளை என்று தெரிந்துவிடும். அவள் கையை எடுக்கவில்லை.

விடுமுறையும் முழுநிலவும் கூடிவரும் நாள்கள் இனியும் வரும். சென்று களியுங்கள், உங்களை எவரும் தடுக்கவில்லை. ஆனால், உங்கள் படலையில் நின்று பிள்ளையைக் கேட்பவர் எவராயினும், நாளைக்கு வருவாள் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.